உள்ளே விட்ட துணி

என் மகள் மீனாவுக்கு அப்போது பதினான்கு வயது. இடுப்பில் கொஞ்சம் சதை விழுந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இருக்கும் தையல்கார அக்காவிடம் கூட்டிப்போய், மீனா முன்னாலேயே சொன்னேன். "பிளவுஸை ரெண்டு இஞ்ச் கொறைச்சே தைங்கக்கா. அப்பதான் இவ இளைப்பா."

அக்கா முகம் சுளித்தார். "வயசுக்கு வந்த புள்ளக்குச் சதை போடத்தான் செய்யும் லா."

நான் கேட்கவில்லை.

மீனா மளமளவென்று மெலிந்தாள். பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த சோற்றை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அது தெரியாமல் நான் பெருமையடித்துக்கொண்டேன். தீபாவளியன்று அந்த பிளவுஸ் அவள்மேல் தொளதொளத்தது. சாமி கும்பிடும்போதே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில், "ரெண்டு மாசமா தீட்டு வரல டாக்டர்" என்றாள் மீனா.

"இந்த வயசுல பொண்ணு ஒடம்புக்குக் கொழுப்பு வேணும்மா, இல்லன்னா அதெல்லாம் நின்னுடும். யாரு உன்னக் குண்டுன்னு சொன்னது?"

மீனா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டில் பிளவுஸைத் துவைக்க உள்பக்கம் திருப்பினேன். பின்னாளில் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தார் அக்கா. நான் குறைக்கச் சொன்ன அதே இரண்டு இஞ்ச்.

மீனா இன்றும் சோற்றை எண்ணித்தான் சாப்பிடுகிறாள். அந்தத் தையலைப் பிரிக்கத் தேவையே வரவில்லை.