பின்கண்ணாடியில் ஒரு பொட்டு

ஐம்பத்திரண்டு வயதில், எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில், மனைவியின் கண்மைப் பென்சிலால் 'என் வெற்றிக்கு நானே பொறுப்பு' என்று எழுதி, பல் தேய்க்கும் முன் அதைத் தினமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சேட்டனுக்கு மட்டும் தெரியும். கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு வீட்டுக் குளியலறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்.

வெற்றி என்று நான் குறிப்பிட்டது டிரைவிங் லைசன்ஸை. இதே வாசகத்தை வைத்துக்கொண்டு சிலர் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்வி.

பழைய கார் ஒன்றை வாங்கி, மிளகுக் கிடங்குக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்தேன். காக்கைகள் அதை என்னைவிட நன்றாகப் பயன்படுத்தின. டெஸ்டில் மூன்று தடவை தோற்றிருந்தேன், எல்லாம் 'எச்'சில். நட்ட கம்பிகளுக்கு நடுவே, எதையும் சாய்க்காமல், காரை முன்னும் பின்னுமாக ஓட்டி அந்த ஆங்கில எழுத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். முதல் தடவை கம்பி விழுந்ததற்குக் காரணம் கிளட்ச். அடுத்தது மழை. மூன்றாவது, மைதானத்து ஓரத்தில் மஞ்சள் குடை பிடித்து நின்ற ஒருவர். அவ்வளவு மஞ்சளை யாரால் தாங்க முடியும்?

மனைவி கெடு வைத்தாள். "கேட்டேளா, ஓணத்துக்குள்ள லைசன்ஸ் வரலேன்னா வண்டி திருப்பூணித்துறைக்குப் போயிடும்."

திருப்பூணித்துறையில் இருப்பது அவள் தம்பி. வாங்கிய நாளிலிருந்து, பலாப்பழம் வாங்க வந்தவன்போல என் காரைத் தட்டித் தட்டிப் பார்ப்பவன்.

இந்த நேரத்தில்தான் போனில் ஒரு வெற்றிப் பேச்சாளர் அகப்பட்டார். கோட்டு, டை, காதோரம் மைக். "தோல்விக்குக் காரணம் தேடுகிறவன் தோற்றுக்கொண்டே இருப்பான்" என்றார். குடைக்காரர் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். அன்றே எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க ஆரம்பித்தேன். கிளட்சைப் பழித்ததற்காக ஆசானிடம் மன்னிப்புக் கேட்டேன். சாம்பாரில் உப்பு கூடியதற்குக்கூட நான்தான் காரணம் என்றேன். "நீங்க அடுக்களைப் பக்கமே வரலையே" என்றாள் மனைவி. பொறுப்பேற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் கொஞ்சம் கீழே தெரிகிறார்கள்.

ஆசான் என்றால் சுள்ளிக்கல் டிரைவிங் ஸ்கூல்காரர். இங்கே கார் சொல்லிக்கொடுப்பவரும் ஆசான்தான். அவர் தன் மனைவியின் பெரிய சைஸ் ஒட்டுப்பொட்டு ஒன்றைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பார். ரிவர்ஸ் வரும்போது பொட்டும் மூலைக் கம்பியும் ஒரே நேராகத் தெரிந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். "ஆலோசிக்கண்டா சாரே, யோசிச்சா போச்சு. பொட்டைப் பாருங்க, ஒடிங்க." மேற்குக் கொச்சியில் பாதிப் பேர் அந்தப் பொட்டை நம்பி லைசன்ஸ் வாங்கியவர்கள்.

நாலாவது டெஸ்ட். அடுத்த தேதி ஓணத்துக்குப் பிறகுதான், ஆகவே இதுவே கடைசி. ஆசானின் ஆட்கள் எல்லாரும் அந்த ஒரே காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் ஆள் நான். ஆசான் சாயா குடிக்கப் போயிருந்தார். காரில் தனியாக உட்கார்ந்து பொட்டைப் பார்த்தேன். தன் வெற்றிக்குத் தானே பொறுப்பு என்கிறவன், இன்னொருத்தர் மனைவியின் பொட்டை நம்பியா வண்டி ஓட்டுவது? பின்சீட்டுக்குப் போய், நகத்தால் உரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு என்மேல் இருந்த மரியாதை முன்பும் இருந்ததில்லை, பிறகும் வரவில்லை.

முதல் கம்பியிலேயே போனேன். அது நியாயம்தான். அடுத்து ஒரு நர்ஸ் பெண். லைசன்ஸ் இருந்தால்தான் கல்ஃபில் வேலை என்று காத்திருந்தவள். திரும்பிப் பார்த்தாள், திகைத்தாள், கம்பியைச் சாய்த்தாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே.

ஆசான் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அலறினார். "பொட்டு எவிடே? ஆரு எடுத்தது?"

பொறுப்பேற்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. நர்ஸ் பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் காரில் இருந்தவன் நான் என்பதால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வெயில்" என்றேன். "பசை இளகி விழுந்திருக்கும்."

"மணி ஒம்பது ஆகலையே, சாரே!"

"இப்பல்லாம் வெயில் முன்னே மாதிரியா இருக்கு?" என்று வானத்தைக் குற்றம்சாட்டினேன்.

சாயங்காலம், துவைக்க எடுத்த சட்டையோடு மனைவி வந்து நின்றாள். விரல் நுனியில் பொட்டு.

"ஏன்னா, இது ஆரோடது?"

சட்டைப் பையில் வேறொரு பெண்ணின் பொட்டு அகப்பட்டால், கணவனுக்கு இருக்கிற வழிகளில் உண்மைதான் குறைந்த அவமானம். நர்ஸ் பெண்ணின் துப்பட்டா வரை சொன்னேன். மறுநாள் மனைவி என்னை ஆசானிடமே அனுப்பி அதையெல்லாம் திரும்பச் சொல்லவைத்தாள். அவர் என்னைத் திட்டவில்லை. "பொட்டு வேண்டாம், புதுசு ஒட்டியாச்சு" என்றார். பிந்திய தேதியில் அந்தப் பெண் பாஸானாள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தேதிக்கு நான் போகவில்லை.

ஓணத்துக்கு முன்பே மச்சினன் வந்து காரை எடுத்துக்கொண்டான். அத்தனை குறுகல் சந்திலிருந்து ஒரே ரிவர்ஸில், பொட்டில்லாமல். காக்கைகளும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே வந்து, ஈரத் துணியால் குளியலறைக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன்.

"அழிக்கண்டாம், இருக்கட்டும்" என்றாள் மனைவி. "வெற்றிக்குத்தானே பொறுப்புன்னு எழுதியிருக்கேள்? அதனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரப்போறதில்லை."