மஞ்சள் சூடு

என் மகள் காமுவுக்கு அப்போது பதின்மூன்று வயது. முழங்கையில் தொடங்கும் வலி சுண்டுவிரல்வரை இழுக்கிறது என்று அழுவாள். ஒத்தடம், தைலம் எதற்கும் கேட்கவில்லை. விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுச் சூடு வைத்தால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னதால், வண்டியூரில் சூடு போடும் பெரியவரிடம் கூட்டிப்போனேன்.

"புள்ளைய பாக்கவிடாத தாயி, மொகத்த அமுக்கிப் பிடிச்சுக்க" என்றார். அவள் முகத்தை என் மார்போடு அணைத்துக்கொண்டேன். கனன்ற மஞ்சளை அவள் சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில் வைத்து எடுத்தார். தோல் கருகும் வாடை வந்தது. நான்தான் துடித்தேன். அவள் அசையவில்லை.

"ஆம்பளப் பயலுகளே ஊரக் கூட்டுவாய்ங்க. இவளுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு!" என்று பெரியவர் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது காமு என் முந்தானைக்குள்ளிருந்து, "இன்னும் எம்புட்டு நேரம்மா? சீக்கிரம் வைக்கச் சொல்லு, பயமாருக்கு" என்றாள்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். மஞ்சளைத் தண்ணீரில் போட்டவர், பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பெருவியாதி, குஷ்டம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த இடத்தில் உணர்ச்சி செத்துவிட்டதாம். மாதந்தோறும் மாத்திரை கொடுக்கிறார்கள்.

வலி போகவேண்டும் என்று திருப்பரங்குன்றம் முருகனை வேண்டியவள் நான். இப்போது தினமும் காலையில் அந்தச் சுண்டுவிரலைக் கிள்ளி, "வலிக்குதாடி?" என்று கேட்கிறேன். அவள் விரலைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலிக்குதும்மா" என்கிறாள்.

பொய் என்று தெரிகிறது. அதைக் கேட்காமல் அடுப்புப் பற்றவைக்க என்னால் முடியவில்லை.