எட்டே முக்காலுக்கு ஒரு கொக்கிச் சத்தம்

போன வாரம் விமான நிலையத்தில் சோதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ கைக்கடிகாரத்தைக் கட்டி, ஸ்டீல் செயினின் கொக்கியை அழுத்தினார்கள். டக். அவ்வளவுதான், எனக்குப் பிடரி சிலிர்த்துப்போனது. திரும்பிப் பார்க்காமலேயே நடந்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வேலை கிடைத்து ஆம்பூரிலிருந்து பெங்களூர் வந்த புதிதில், காக்ஸ் டவுனில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். டீச்சர் தனியாள். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் சென்னையில். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். இன்றைக்கும் பீரோவைத் திறந்தால் எனக்கு முதலில் டீச்சர்தான் நினைவுக்கு வருவார். அவர் ரசம் தாளிக்கும்போது மட்டும் அந்த வாசனை கொஞ்சம் ஒதுங்கிப்போகும்.

குடிவந்த இரண்டாம் வாரம் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். காலை எட்டே முக்கால். வாசல் கதவுப் பக்கமிருந்து, டக். மறுநாளும் அதே நேரம். முதலில் பல்லி என்று நினைத்தேன், பிறகு கேட்டின் தாழ்ப்பாள் என்று. இயற்பியல் படித்தவள் இல்லையா, காரணம் கண்டுபிடிக்காமல் விடுவேனா? கடைசியில் ஒருநாள், டீச்சர் என் எதிரில் நின்று இட்லி வைத்துக்கொண்டிருக்கும்போதே அது கேட்டது. என்ன சத்தம் டீச்சர் அது என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கும் கேக்குதாம்மா?"

பிறகு உட்கார்ந்து சொன்னார். கணவர் தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் நின்றுதான் வாட்சைக் கட்டுவாராம். கொக்கியை அழுத்திவிட்டு வரேன் என்பாராம். ஒருநாள் மழையில் அல்சூர் ஏரிப் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவர் திரும்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இந்தச் சத்தம். மகளிடம் சொல்லப்போக, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வா என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாளாம்.

டீச்சர் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தபடியே இருந்தது. உள்ளே அந்த வாட்ச். கொக்கி பூட்டியிருந்தது.

"அவருக்குக் கை அகலம்மா. கொக்கியத் தொறக்காம இது கழலவே கழலாது. நர்ஸ கேட்டா, நாங்க யாரும் கழட்டல, பெட்டு மேல கெடந்துச்சுன்றாங்க."

நான் பயந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாதே. கழற்றிய யாரோ மறுபடி அழுத்தி மூடியிருப்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டே, அவரைக் கேட்காமல் வாட்சை வாங்கி நகத்தால் நெம்பினேன். கொக்கி திறந்துகொண்டது. டீச்சர் தடுக்கக் கையை நீட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்குச் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கொக்கியைத் திரும்பப் பூட்டி வைத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிட்டு வாசல் கதவருகில் போய் நிற்பார். நானும் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு கூட நிற்பேன். பத்து நாள் போலக் கழித்துக் கேட்டார்.

"எனக்குத்தான் கேக்கலையா, இல்ல உனக்குமா?"

கேட்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் அது தோன்றவில்லை.

"எனக்கும் கேக்கல டீச்சர்."

அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து, வந்து அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். வீடு கைமாறியது. இப்போது அங்கே நான்கு மாடிக் குடியிருப்பு. வாசல் கதவு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. டீச்சரும் போன வருடம் சென்னையில் காலமாகிவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டே பேர். நிஜமாகவே கேட்டதா என்று இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?