வேட்டி விலகிய கூடாரம்

ஏலகிரியில் நாங்கள் கூடாரம் போட்ட இடத்தில் பெரிய மரம் ஒன்றுதான் இருந்தது. அதன் உச்சிக்கிளையில் முறம் அகலத்துக்கு மலைத்தேன் அடை தொங்கியது. அதனால் மரத்தை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் போட்டோம். என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். நான் வேலூரில் நர்ஸ். இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதே அபூர்வம். ஆறு வயது மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருந்தது.

சாயந்திரம் நாலு மணி வெயிலிலேயே கூடாரத்துக்குள் உட்கார முடியவில்லை. கணவர் தன் எட்டு முழ வேட்டியை எடுத்து, கூடாரத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நாலு மூலையும் இழுத்துக் கட்டினார். நடுவில் காற்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே படுக்கவே முடிந்தது.

ராத்திரிக் காற்றில் கிழக்குப் பக்கக் கயிறுகள் அவிழ்ந்திருக்கின்றன. காலையில் பார்த்தால் வேட்டி மேற்கே புரண்டு கிடந்தது. "டீ குடிச்சிட்டுக் கட்டிக்கலாம்" என்றார். அதற்குள் பக்கத்தில் தங்கியிருந்த பையன்கள் அந்த மரத்தடியிலேயே சமைக்க நெருப்பு மூட்டிவிட்டார்கள்.

முதலில் கேட்டது அவர்களுடைய அலறல். பிறகு புகையில் கலைந்த தேனீக்களின் இரைச்சல். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். கணவர் பின்னாலேயே வந்து ஜிப்பை இழுத்தார். கழுத்தில் ரெண்டு கொட்டு அவருக்கு. பையன்கள் வேனில் ஏறித் தப்பிவிட்டார்கள். எங்கள் கார் கீழே ரோட்டோரம் நின்றது.

ஜன்னல் வலை கறுத்துப் போனது. அத்தனை தேனீக்கள். ஒரு மூலையில் வலை கிழிந்திருந்ததால் அந்த ஜன்னலின் துணியையும் மூட வேண்டியதாயிற்று. வெயில் நேராகக் கூரையில் விழுந்தது. கருநீல நைலான், கை வைத்தால் சுட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர்.

இடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு போன் போட்டேன். "தேனீ அடைக்குத் திரும்பணும் மேடம். அதுக்கு முன்ன வெளிய வராதீங்க, விடாது. நான் ஜீப்புக்கு ஏற்பாடு பண்றேன்" என்றார்.

நேரம் போகப் போக மூச்சே வெந்நீர் ஆவி மாதிரி இருந்தது. துண்டை நனைத்து மகளின் கழுத்தையும் அக்குளையும் துடைத்தேன், பிஸ்கட் அட்டையால் விசிறினேன். பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"நான் போர்வைய சுத்திக்கினு பாப்பாவ தூக்கிக்கினு ஓடிர்றேன்" என்றார் கணவர்.

"வேணாங்க. அத்தன கொட்டு அவ தாங்க மாட்டா. நான் பாத்திருக்கேன்."

"அப்ப இங்கயே வேகட்டுமா? இன்னா பண்ண சொல்ற?"

அவள் வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டுக் கண் திறக்காவிட்டாலோ ஓடிவிடுவது என்று முடிவு செய்தோம். அதன் பிறகு நான் அவள் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஜெபம் பண்ண வாய் திறந்தேன். "ஆண்டவரே" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

கணவர்தான் கவனித்தார். புரண்டு போன வேட்டியின் ஒரு கயிறு கூரைமேல் குறுக்காகக் கிடந்து, நுனி கிழக்கே வாசல் பக்கம் தொங்கியது. அதன் நிழல் துணியில் தெரிந்தது. கையில் சாக்ஸ் மாட்டி, அதன்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டார். அடி ஜிப்பை நான் கொஞ்சமாகத் திறந்தேன். கையை விட்டுத் துழாவினார். முகம் கோணியது, ஆனால் கையை எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க வேட்டி மெல்லக் கூரைமேல் ஏறி வந்தது. பாதிதான் வந்தது. உள்ளே நுழைந்த ஒரு தேனீயைச் செருப்பால் அடித்தேன், ஜிப் இடுக்கில் மகளின் ஃபிராக்கைத் திணித்தேன்.

நேற்றுபோல் இடைவெளி இல்லை. துணி கூரையோடு ஒட்டித்தான் கிடந்தது. ஆனாலும் நிழல். மகளை அதன் கீழே நகர்த்தினேன். அவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்தார், விட்டால் வேட்டி சரிந்துவிடும். முழங்கை வரை வீங்கிக்கொண்டிருந்தது. கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். "பாட்டில அவளுக்கு வை, எனக்கு வேணாம்" என்றார்.

ரொம்ப நேரம் கழித்து, "அம்மா, தண்ணி" என்றாள் மகள். அழுதுவிட்டேன்.

உச்சிவெயில் தாண்டித்தான் ஜீப் வந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, பின்கதவை வாசலோடு ஒட்டி நிறுத்தி, "இப்ப வாங்க, சீக்கிரம்" என்று கத்தினார் அந்த மனிதர். தவழ்ந்து ஏறினோம். கணவரின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. கயிற்றை நான்தான் பிரித்தெடுத்தேன்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவரின் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. எனக்குத்தான் ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு மூடினால் நெஞ்சு அடைத்தது. பல மாதம் படியேறித்தான் வார்டுக்குப் போனேன். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு இளைக்க என்று சொல்லிவைத்தேன்.