முனியப்பன் கோயில் வளைவில்

மாரண்டஹள்ளி ரோட்டில் என் கார் உரசி, தக்காளி ஏற்றி வந்த பைக்காரர் விழுந்தார். நல்லவேளை, முட்டியில் சிராய்ப்புதான். "நீங்கதான் குறுக்க வந்தீங்க, வாங்க போலீசுக்கு" என்று சத்தம் போட்டேன். என் மனைவி, "மொதல்ல கார் கேமராவப் போட்டுப் பாருங்க" என்றாள்.

கேமராப் பதிவில் பைக் ஓரமாகத்தான் போகிறது. முனியப்பன் கோயில் வருகிறது. "அப்பனே, காப்பாத்து" என்று என் குரல் கேட்கிறது. உடனே கார் இடப்பக்கம் ஒதுங்கி அவரை உரசுகிறது. கோயிலைக் கண்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவது என் வழக்கம்.

"தப்பு என்னுதுங்க, ஸ்டீயரிங்க விட்டுட்டுக் கும்புட்டுட்டேன், மன்னிச்சிக்குங்க" என்றேன்.

"மனசுல கும்புட்டாலும் சாமிக்குக் கேக்குமுங்க" என்று அவர் சிரித்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கேமரா இல்லையென்றால், ஒரு பாவமும் அறியாதவர்மேல் புகார் கொடுத்திருப்பேன். பிறகு எந்தச் சாமி முன்னால் போய் நின்றிருப்பேன்? தடுத்தாட்கொண்டான் முனியப்பன்.