ஐயாயிரத்தில் தொடங்கிய கவுண்ட்டர்

தராசு ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. ஊரே தட்டில் இருக்கிற பொருளைப் பார்க்கும். இவர்கள் காலித் தட்டைப் பார்ப்பார்கள். காலித் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதுதான் அவர்களுடைய ஒரே கவலை. நம் ஆள் அந்தக் கவலையிலேயே தலை நரைத்தவர். கடைத்தெருவில் அவருக்கு 'முள்ளு' என்றே பெயர். "முள்ள ஒரு நூல் முன்னால தள்ளி வைங்களேன்" என்று எந்த வியாபாரியாவது கண்ணடித்துக் கேட்டால், தராசைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

அந்த மனுஷனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் எழுத்து ஆசை பிடித்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் சொந்தமாக ஒரு பக்கம் திறந்து, தன்னிடம் பழுதாகி வருகிற தராசுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். மீன்கடைத் தராசின் அடியில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கும், நகைக்கடைத் தராசு மின்விசிறிக் காற்றுக்கே எப்படித் தடுமாறும் என்றெல்லாம். நன்றாகவே எழுதினார், குறை சொல்லக் கூடாது. படிக்கத்தான் ஆளில்லை. அவர் மனைவி முதல் கட்டுரையை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. வாயால சொல்லியிருந்தீங்கன்னா பாதியிலயே எழுந்து போயிருப்பேன்" என்றாள்.

யாராவது வருகிறார்களா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்துக் கடை கம்ப்யூட்டர்காரரிடம் விசாரித்தார்.

"இதுக்குன்னே ஒரு தளம் இருக்கு. நாலு வரி புரோகிராம் கொடுப்பாங்க. அதை அப்படியே காப்பி பண்ணி உங்க பக்கத்துக்கு அடியில ஒட்டிடுங்க. வர்றவங்கள அதுவே எண்ணிக்கும்" என்றார் அவர்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அந்தத் தளத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். எண்கள் என்ன நிறம் என்று கேட்டது, கறுப்பு என்றார். என்ன அளவு என்று கேட்டது. இருப்பதிலேயே பெரிதைத் தேர்ந்தெடுத்தார். கடைசியாக ஒரு கட்டம். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்? அதில் ஏற்கெனவே ஒரு பூஜ்யம் போட்டிருந்தது. அதைத் தொடாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முதலில் வருகிற ஆள் அதைப் பார்த்தால், ஈ ஓட்டுகிற ஓட்டலுக்குள் எட்டிப் பார்த்தவர் மாதிரி திரும்பிவிடுவாரே என்று இவருக்குத் தோன்றிவிட்டது. நூறு என்று அடித்தார். அது பரிதாபமாக இருந்தது. ஐயாயிரம் என்று அடித்துவிட்டு, யாருமில்லாத அறையில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்தவன் முள்ளை ஒரு நூல் தள்ள மாட்டேன் என்றவர், தன் முள்ளை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் பாருங்கள். அன்று முழுக்கக் காது சுட்டது. மறுநாள் சரியாகிவிட்டது.

மனைவி அந்தக் கவுண்ட்டருக்கு மீட்டர் என்று பெயர் வைத்தாள். "என்ன, மீட்டர் ஏறிச்சா?" என்பாள். ஏறத்தான் செய்தது. ஏறியதா என்று பார்க்க இவர் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒன்று ஏறியது. இந்த விஷயம் புரியவே அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. புரிந்த பிறகும் திறப்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் தங்கை வந்தாள். ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை அவளுக்கு. வருஷக்கணக்காக வெறும் கை, கை, கை. ஒரு பொருளை முழுசாகத் தைத்துப் பார்க்கிற ஆசையில், வீட்டில் துணிப்பைகள் தைப்பாள். உள்ளே ஒரு சின்ன உறை, வாயில் ஜிப், அடியில் இரட்டைத் தையல். மூட்டை தூக்கினாலும் பிரியாது. அண்ணன் பக்கத்தின் அடியில் இருந்த எண் அவள் கண்ணில் பட்டது.

"அண்ணா! ஐயாயிரம் பேருக்கு மேலயா? நம்ம தெரு முழுக்கச் சேத்தாக்கூட அத்தனை பேர் தேறாதே!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் தங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் தன் அண்ணனை அப்படிப் பார்த்ததே கிடையாது. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "ஏதோ வர்றாங்க" என்றார்.

அவள் பைகளின் படமும் போன் நம்பரும் அந்தப் பக்கத்தில் ஏறின. கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"அண்ணா, கம்பெனிய விட்டுடட்டுமா? இத்தனை பேர்ல நூத்துல ஒருத்தர் கேட்டாக்கூட ராப்பகலாத் தைச்சாலும் என்னால முடியாது."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அண்ணனைக் கேட்டுக்கோ, அவருக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டாரு."

இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சந்தர்ப்பம் கொடுப்பது? "உன் இஷ்டம்மா" என்று நழுவிவிட்டார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையை விட்டாள்.

போன் அடிக்கவில்லை. மீட்டர் மட்டும் ஏறியது. "இன்னைக்கு மட்டும் முப்பது பேர் வந்திருக்காங்கண்ணா!" என்பாள். அதில் முக்கால்வாசி அவளே; யாராவது வந்தார்களா என்று போனில் திறந்து திறந்து பார்த்தாள். மிச்சம் இவர். அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஒரே கடைக்குள் நுழைந்துவிட்டு, கூட்டம் கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மீட்டரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"உங்க தங்கச்சி முகமே சரியில்ல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மனைவி விரட்டினாள்.

போனார். தரையெல்லாம் பைகள். நடுவில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் நுனியால் ஒரு பையின் இரட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"என்னம்மா பண்றே?"

"எங்க தப்புன்னு பாக்குறேன். அத்தனை பேர் பாத்துட்டு ஒருத்தர்கூடக் கூப்பிடலைன்னா, ஏதோ அசிங்கமாத்தானே இருக்கணும்? நீ கை வைக்கத்தான் லாயக்குன்னு கம்பெனியில சூப்பர்வைசர் சொல்வாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு போல."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தார். எப்படியோ சொல்லிவிட்டார்.

"அந்த எண்ணு பொய்ம்மா. ஐயாயிரத்தை நானே போட்டேன். அதுக்கு மேல ஏறினது நீயும் நானும் பாத்தது. வேற ஈ காக்கா வரலை."

கத்தட்டும், கையில் இருப்பதை மூஞ்சியில் வீசட்டும் என்று நின்றார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் பைய யாருமே பாக்கலையா?"

"பாக்கலை."

"பாத்துட்டு யாரும் வேணாம்னு சொல்லலையா?"

"இல்லம்மா."

அவள் முகம் தெளிந்துவிட்டது. பெரிய மூச்சு ஒன்று விட்டு, பிரித்த பையை எடுத்து மடியில் போட்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

"என்னைத் திட்டிடும்மா" என்றார் அவர்.

"திட்டாம விட்டுடுவேனா? அதுக்கு நிறைய இருக்கு. முதல்ல இதைச் சேத்துடுறேன்." பிரிந்த துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு யாரிடமோ சொல்வது போல, "நல்லாத்தான் தைச்சிருந்தேன்" என்றாள்.

அவருக்கு அந்தப் பைகளுக்கு நடுவே எங்கே காலை வைப்பது என்று தெரியவில்லை.