வரம்பில் நின்று எடுத்த படம்

அந்தப் படம் இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அழித்தால் எனக்கு வசதியாகிவிடும் என்பதால் அழிக்கவில்லை. பச்சையாக ஏதோ கலங்கி ஓடுகிறது. அதன் மேல் வெள்ளையாய்ப் புகை மூட்டம். வெங்காயத் தாள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எடுத்தவன் வாழ்நாள் முழுக்கப் பௌதிகவியல் படிப்பித்தவன். வில்லையையும் குவியத்தையும் கரும்பலகையில் கீறிக் காட்டியவன். நான்தான்.

உரும்பிராயில் எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு வெங்காயத் தோட்டம். அதைச் செய்கிறவள் புருசனை இழந்தவள். எனக்கு மகள் வயது. அந்தப் போகத்து விளைச்சலில் இருந்துதான் அடுத்த நடுகைக்கு விதை வெங்காயம் கட்டித் தொங்கவிட இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலால் வரும்போது வேலியடியில் நின்று கூப்பிட்டாள்.

“இஞ்சை பாருங்கோ மாஸ்டர், தாளெல்லாம் முறுகுது. புள்ளியும் கிடக்கு. ஒரு வெங்காயக் கண்டைப் பிடுங்கிக்கொண்டு விவசாயக் கந்தோருக்குப் போட்டு வரப்போறன்.”

“ஏன் பிள்ளை பஸ்ஸிலை அலையிறாய்? கந்தோர்ப் போதனாசிரியரின்ரை வட்ஸ்அப் என்னட்டைக் கிடக்கு. படம் அனுப்பினாச் சரி.”

“படத்திலை உது வடிவாத் தெரியுமோ?”

“லென்ஸ் படிப்பிச்சவனிட்டை கேக்கிற கேள்வியே உது?”

இதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் எரிகிறது. சற்று முன்தான் தண்ணீர் கட்டிய பாத்தி. நான் உடுத்திருந்தது வெள்ளை வேட்டி. சேற்றில் இறங்க மனமில்லாமல் வரம்பிலேயே நின்றேன். கிட்டப் போக வேண்டிய தூரத்தைத் திரையில் விரலால் இழுத்துப் பெருப்பித்தேன். ஒரு கையில் போன், மறு கையில் வேட்டித் தலைப்பு. சோளகக் காற்றில் தாள்கள் ஆட, என் கையும் ஆடியது. மூக்குக்கண்ணாடி வீட்டில். எடுத்த படத்தைப் பார்க்காமலே அனுப்பினேன்.

மத்தியானம் பதில் வந்தது. போதனாசிரியர் ஓர் இளம் பெண். “ஐயா, படம் தெளிவில்லை. பூச்சியா, பங்கசு என்கிற பூஞ்சண நோயா என்று சொல்ல முடியாது. கமெராவைத் துடைத்து, செடிக்குக் கிட்டப் போய், தாளுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திரும்ப எடுங்கள். இல்லாவிட்டால் செடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

இதைவிடத் தெளிவாக ஒருவருக்கு என்ன சொல்ல முடியும்? எனக்கோ கோபம் பொங்கியது. கமெராவைத் துடைக்கச் சொல்லி எனக்குப் படிப்பிக்கிறாளா? பதில் போடவில்லை. பின்னேரம் தோட்டக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“என்னவாம் மாஸ்டர்?”

“பூச்சியாம். மருந்தடி.”

யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது என்று எழுத எனக்கு உரிமையில்லை. யோசித்துத்தான் சொன்னேன். படம் சரிவரவில்லை என்று சொல்வதை விட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் பூச்சி மருந்து அடித்தாள். முறுகல் பாத்தி பாத்தியாகப் பரவியது. தாள்கள் மடிந்து நிலத்தில் படுத்தபோது என்னிடம் கேளாமலே பஸ் ஏறிப் போய்ப் போதனாசிரியரைக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் காற்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கி, ஒரு தாளைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள்.

“அக்கா, இது பங்கசு. பூச்சி மருந்துக்குக் கேக்காது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயாவோ படம் அனுப்பினது? போனைத் தாங்கோ பாப்பம்.”

வாங்கிப் பின்புறத்தைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயான்ரை போனும் கோயிலுக்குப் போட்டு வந்திருக்கு. கண்ணெல்லாம் திருநீறு!”

ஐயர் தரும் திருநீற்றைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் போடுவது என் வழக்கம். போனும் அதே பையில்தான். கடதாசி பிரிந்து திருநீறு வில்லையில் அப்பியிருந்தது. அத்தனை இழப்புக்குள்ளும் தோட்டக்காரி சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

“துடைச்சுத் திரும்ப எடுக்கச் சொன்னனான் எல்லோ?” என்றாள் போதனாசிரியர்.

தோட்டக்காரியின் சிரிப்பு நின்றது. “எப்ப சொன்னனீங்கள்?”

“அண்டைக்கே.”

“அப்ப பூச்சியாம் எண்டு ஆர் சொன்னது?”

“நான்தான்,” என்றேன்.

அவள் ஏசவில்லை. “தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே மாஸ்டர். நான் அண்டைக்கே பஸ்ஸிலை போயிருப்பனே,” என்று மட்டும் சொன்னாள். கிணற்றடிப் பாத்திகள் மட்டும் தப்பின. அதை விற்றுச் செலவுக்கு எடுத்தபின் விதைக்கு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊரார் என்னைத் தேற்ற வந்ததுதான் இன்னும் மோசம். “மாஸ்டர் நல்லதுக்குத்தானே செய்தவர்” என்றார்கள். என்ன நல்லது? படித்தவன் என்றால் பொய்க்கும் ஒரு மரியாதையா? கனடாவிலிருந்து மகன், “அப்பா, உது பழைய போன். நாலு கமெரா உள்ளது அனுப்பிறன்” என்றான். நாலு கமெராவுக்கும் திருநீறு பூசப்போவது நான்தானே என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பழைய போனில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த போகம் வேறிடத்தில் விதை வாங்கி நட்டாள். ஒருநாள் காலை ஒரு கண்டைப் பிடுங்கி, வேரில் மண்ணோடு ஷொப்பிங் பையில் வைத்துக்கொண்டு என் வாசல் படலையைக் கடந்தாள்.

“என்ன பிள்ளை, திரும்பவும் முறுகுதோ? படம் எடுக்கட்டே?”

“எடுங்கோவன் மாஸ்டர். தோட்டம் திறந்துதான் கிடக்கு.”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினேன். வில்லையைப் பழந்துணியால் துடைத்தேன். குந்தி, முழங்கையை முழங்காலில் ஊன்றினேன். இடக்கையைத் தாளுக்குப் பின்னால் பிடித்து, திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டேன். காற்று அடங்கும் வரை மூச்சைப் பிடித்திருந்து எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பெருப்பித்துப் பார்த்தேன். புள்ளியும் அதைச் சுற்றிய வளையமும் துல்லியமாகத் தெரிந்தன.

காட்டலாம் என்று நிமிர்ந்தேன். சந்தியில் பஸ் நின்று புறப்படும் சத்தம் கேட்டது. அவள் ஏறியிருந்தாள்.